நிமிராமல் நட்ட பரிமளா

எங்கள் பக்கத்தில் சக்கரை என்றால் வயதானவர்களுக்கு வருவது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மகள் பரிமளாவுக்கு அது பத்து வயதில் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். எலும்பாக இளைத்தாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சுற்றிப்போட்டோம். மூச்சு வாங்கி மயங்கிக் கிடந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

சக்கரையில் இரண்டு வகை உண்டு. பெரியவர்களுக்கு வருவது மாத்திரையில் அடங்கும். பரிமளாவுக்கு வந்தது முதல் வகை. அந்த உடம்பில் இன்சுலின் ஊறவே ஊறாது. சாப்பிடுகிற ஒவ்வொரு வேளைக்கும் ஊசி போட்டால்தான் உயிர். இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. அன்றிலிருந்து இன்றுவரை ஊசி போடாமல் ஒரு நாள் போனதில்லை.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. கேட்கவேண்டியதை டாக்டரிடம் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். அஞ்சாவது வரை படித்த எழுத்து இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். இப்படி ஒரு பிள்ளையை வளர்க்கிற இன்னொரு தாய் படித்தால், எங்களுக்குத் தெரியாமல் போனது அவளுக்காவது தெரியட்டும்.

நாங்கள் வடக்கனந்தலுக்குப் பக்கம். சொந்த நிலம் இல்லை. பரிமளாவின் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் தம்பி ஏழுமலை சென்னையில் கட்டட வேலை செய்கிறான், அங்கேயே குடும்பம். பரிமளா பன்னிரண்டாவது முடித்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் ஊசி என்று கேட்டதும் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்கப்புறம் அவள் என்னோடு நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்துவிட்டாள்.

நடவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். குனிந்தபடியே பின்னால் பின்னால் நகர்ந்து நடவேண்டும். முதுகு கடுக்கும். யாராவது நடுவில் நிமிர்ந்தால் மற்றவர்கள் விடமாட்டார்கள். ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிற அஞ்சலைக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

“இன்னாடி, மாப்பிள வர்றானான்னு ரோட்டப் பாத்துக்கினு நிக்கிற? குனிடி” என்பாள்.

பரிமளாவை மட்டும் அப்படி யாரும் கேட்டதில்லை. அவள் நிமிரவே மாட்டாள். வரப்பில் ஆரம்பித்தால் எதிர் வரப்பில் முட்டுகிறவரைக்கும் குனிந்த தலை குனிந்தபடியே போவாள். இரண்டு மூன்று வருஷமாகவே அப்படித்தான். “பரிமளாவுக்கு முதுவெலும்பே கெடையாது, ரப்பரு” என்று அஞ்சலை ஊரெல்லாம் சொல்லுவாள். ஓரத்து வரிசையில் அவளைத்தான் விடுவாள். அவள் வேகத்துக்கு மற்றவர்கள் ஓடவேண்டும். ஊசி போடுகிற பெண் என்று ஒதுக்கியவர்களே அவளைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

வரிசை முடிந்ததும் நேராக எழுந்து நிற்கமாட்டாள். அப்படியே குந்தி வாய்க்காலில் கையையும் காலையும் கழுவுவாள். கழுவிக்கொண்டே இருப்பாள்.

“சேத்தக் கழுவுறியா, செலைக்கு அபிசேகம் பண்றியா? கஞ்சி ஆறுது, வாடி” என்று அஞ்சலை கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். பரிமளாவும் சிரிப்பாள்.

இந்த வருஷம் மழைக்கு அப்புறம் கல்வராயன் மலைமேல் ஒரு நடவுக்குக் கூப்பிட்டார்கள். மலையில் மரவள்ளிதான் ஜாஸ்தி, பள்ளத்தில் தண்ணீர் நிற்கிற இடத்தில் நெல் போடுவார்கள். குட்டியானை வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் போனேன், நாற்று எடுத்துக் கொடுக்க. மதியத்துக்குள் பாதி முடிந்துவிட்டது. நிலத்துக்காரர் வரப்பில் நின்று பரிமளாவைப் பார்த்து, “யாருங்க அந்தப் பொண்ணு? மெஷின் மாதிரி போவுது” என்றார். அஞ்சலை, “எங்க பரிமளாங்க. பரிமளா, அண்ணன் கூப்புடுறாரு பாரு” என்றாள்.

பெரியவர் கூப்பிட்டால் குனிந்துகொண்டே பதில் சொல்லமுடியுமா? பரிமளா சட்டென்று நிமிர்ந்தாள். ஒரு நொடி நின்றாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அப்புறம் மரம் சாய்கிற மாதிரி சேற்றில் முகம் பதிய விழுந்தாள்.

சக்கரை கம்மியாகிவிட்டது என்று ஓடினேன். மடியில் எப்போதும் வெல்லம் வைத்திருப்பேன். சின்ன வயதில் அவளுக்குச் சக்கரை இறங்கினால் கை நடுங்கும், மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நிற்கும், “அம்மா, வெல்லம்” என்பாள். இப்போது சில வருஷமாக நடுக்கமும் இல்லை, வேர்வையும் இல்லை, மயக்கம் மட்டும் வந்தது. நோய் பழகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். புரட்டி வரப்பில் படுக்கவைத்து, சேற்றைத் துடைத்து வாயில் வெல்லத்தை வைத்தேன். கண்ணைத் திறந்தாள். வெல்லத்தால்தான் திறந்தாள் என்று அப்போதும் நம்பினேன். படுக்க வைத்ததால் திறந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மலையில் இருந்த ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். அந்த நர்ஸ் மீட்டரை இரண்டு தடவை பார்த்துவிட்டு, “சக்கர கம்மியே இல்லியே ஆயா, ஜாஸ்தியாதான் இருக்குது. அப்புறம் ஏன் மயங்குச்சி?” என்று என்னைக் கேட்டது. எனக்கு என்ன தெரியும்? நாடி ரொம்ப வேகமாக ஓடுகிறது என்று நூற்றெட்டு வண்டியில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, நடவு பாதில நிக்குதும்மா” என்றாள்.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். பக்கத்துப் படுக்கையில் சங்கராபுரத்துக் குப்பம்மாள். கால் புண்ணுக்காக வந்தவர், என் வயதுதான். அவருக்கும் சக்கரை, ஆனால் இரண்டாவது வகை.

“எனுக்கு அறுவதுல வந்துச்சி. இந்தப் பொண்ணுக்குப் பத்துலயா? கடவுளுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா?” என்றார் என்னிடம். நான் தலையை ஆட்டினேன்.

“இன்னாமா, நீ ஊமையா?”

“இல்ல பெரிம்மா, அம்மா அப்படித்தான். நான் பேசுறேன் இருங்க” என்று பரிமளா சிரித்தாள். படுத்திருக்கும்போது அவளுக்கு ஒரு குறையும் தெரியாது. அதுதான் என்னை ஏமாற்றிக்கொண்டே இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர் வைத்து ஈசிஜி எடுத்தார்கள். அப்புறம் எக்கோ என்று ஒன்று. நெஞ்சில் பசை தடவி, கருவியை வைத்து, இதயம் அடித்துக்கொள்வதை டிவியில் பார்ப்பது. எக்கோ எடுக்கிற இடத்தில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. உள்ளே போனவர் வெளியே வரும்போது மட்டும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பரிமளா வெளியே வந்தாள். “வால்வு, பம்பு எல்லாம் நல்லாருக்காம்மா” என்றாள்.

அன்று நான் சாப்பிட்டேன். குப்பம்மாள் தன் மருமகள் கொண்டுவந்த ரசத்தில் பாதியை எனக்கு ஊற்றினார். ஏழுமலைக்குப் போன் போட்டு இதயம் நல்லாயிருக்கிறது என்று சொன்னோம். அவன் அந்தப் பக்கம் அழுதுவிட்டான்.

மறுநாள் காலையில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்தார். எக்கோ சீட்டைப் பார்த்தார். சந்தோஷப்படவில்லை. பரிமளாவைப் படுக்கவைத்து, கொஞ்ச நேரம் விட்டு, பிரஷர் பார்த்தார். நூற்று ஐம்பதுக்கு மேல் இருந்தது. “இப்ப எழுந்து நில்லும்மா” என்றார். நர்ஸ் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது. நிற்க நிற்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். நூற்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. பரிமளா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு இருட்டுதா?”

“ஆமாங்க.”

“இது எவ்ளோ நாளா இருக்கு?”

பரிமளா என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். “ரெண்டு மூணு வருசமாவேங்க. நிமிந்தா இருட்டிக்கினு வரும். அதனாலதான் நிமிர்றதில்ல.”

“வேலை செய்யும்போது?”

“நடவுல குனிஞ்சே இருந்துடுவேங்க. முடிஞ்சதும் குந்திக்கினு தண்ணியில கைய வச்சிக்குவேன். சரியாப் போயிடும். சொன்னா வேலைக்குக் கூப்ட மாட்டாங்க.”

இத்தனை வருஷமும் ஊரே மெச்சியது இதைத்தான். நிமிர முடியாதவளைத்தான் நிமிராதவள் என்று மெச்சினோம்.

மத்தியானம் டாக்டரம்மா ஈசிஜி மெஷினைத் தள்ளிக்கொண்டு திரும்ப வந்தார். இந்தச் சோதனைக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒயர்களை மாட்டிவிட்டு அவர் தன் கையை மெதுவாக மேலே தூக்குவார், பரிமளா மூச்சை இழுக்கவேண்டும். கையை மெதுவாக இறக்குவார், விடவேண்டும். அவ்வளவுதான். மெஷினிலிருந்து சீட்டு நீளமாக வந்துகொண்டே இருந்தது. ஊதிப் பார்க்கிற சோதனை இன்னொன்று உண்டாம். பரிமளாவுக்கு ஏற்கனவே கண்ணின் பின்பக்கத்தில் ரத்தக்கசிவு இருப்பதால் அது வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அப்புறம் பயிற்சிக்கு வந்த ஒரு நர்ஸ் பெண்ணைப் படுக்கவைத்து அதே மாதிரி எடுத்தார். இரண்டு சீட்டையும் கட்டில்மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, சின்ன ஸ்கேலால் அளந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நர்ஸ் பெண்ணின் சீட்டில் கோடுகள் ஒரு இடத்தில் நெருக்கி, ஒரு இடத்தில் தள்ளித் தள்ளி, கோணல்மாணலாக இருந்தன. பரிமளாவின் சீட்டில் கயிறு கட்டி நட்ட மாதிரி, முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரைக்கும் ஒரே இடைவெளி.

கயிறு பிடித்து நட்டால்தான் நல்ல நடவு. எனக்குத் தெரிந்த வரிசை அது ஒன்றுதான். சந்தோஷத்தில் என்னை அறியாமல் வாய் திறந்து, “எம் பொண்ணுதுதான் ஒழுங்கா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் நானாக டாக்டரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

டாக்டரம்மா ஸ்கேலைக் கீழே வைத்தார். “அம்மா, நீங்க கொஞ்சம் என்கூட வாங்க” என்றார்.

வராந்தாவில் என்னை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் புரிந்துகொண்ட மட்டும் சொல்கிறேன். மூச்சை இழுத்தால் இதயம் கொஞ்சம் வேகமாக ஓடவேண்டும், விட்டால் நிதானமாக வேண்டும். நின்றால், காலுக்கு இறங்குகிற ரத்தத்தை மேலே தள்ள ரத்தக்குழாய் இறுக வேண்டும். இதையெல்லாம் நாம் சொல்லாமலே நரம்புகள் பார்த்துக்கொள்கின்றன. வயலில் மடை பார்க்கிற ஆள் மாதிரி. எந்தப் பக்கம் தண்ணீர் போகவேண்டும், எப்போது அடைக்கவேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும். பரிமளாவுக்கு ஏரியும் இருக்கிறது, வாய்க்காலும் இருக்கிறது, மடை ஆள் செத்துவிட்டான். இருபத்தாறு வருஷச் சக்கரை இதயத்துக்குப் போகிற நரம்புகளைத் தின்றுவிட்டது. அதனால்தான் அவள் தூங்கும்போதும் இதயம் வேகமாக ஓடுகிறது, ஒரே வேகத்தில். ஒழுங்காக இருக்கிறது என்று நான் சொன்னது அதைத்தான்.

“அது திரும்ப வருமாங்க?” என்று கேட்டேன்.

“போன நரம்பு வராதும்மா. இன்னும் மோசமாகாம பாத்துக்கலாம்.”

“ஆபரேசன் ஏதாவது...”

இல்லை என்று தலையை ஆட்டினார். அப்புறம் சொன்னதுதான் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. சக்கரை இறங்கினாலும் உடம்பு நடுங்கிச் சொல்லாது. நெஞ்சடைப்பு வந்தால்கூட வலி தெரியாமல் போகலாம். வலியைக் கொண்டுபோய்ச் சொல்கிறதும் அந்த நரம்புதான். ஒரு சத்தமும் இல்லாமல் இதயம் நின்றுவிடக்கூடும்.

“அவங்ககிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?” என்று கேட்டார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. “நானே சொல்றேங்க” என்றேன்.

சொல்லவில்லை. வார்டுக்குத் திரும்பியதும் “இன்னா சொன்னாங்க?” என்று கேட்டாள். “நரம்பு பலவீனமாம்” என்றேன். ஏழுமலைக்குப் போன் போட்டேன். “சொல்லாதம்மா. பயந்துக்கும். தெரியாம இருந்தா நிம்மதியாவாவது இருக்கும்” என்றான். குப்பம்மாளும் அதையேதான் சொன்னார். “நம்ம வாயால எப்டிமா சொல்றது? சொல்லாத.”

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி நாட்கள் எல்லாம் ஒரே நாள் மாதிரி இருந்தன. அவள் தூங்கினால் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏறவில்லை என்று தோன்றினால் கட்டிலை முழங்கையால் இடிப்பேன். “ஏம்மா?” என்று கண்ணைத் திறப்பாள். “கொசு” என்பேன். ஒரு நாள் தலை சுற்றுகிறது என்றாள். பழக்கத்தில் வெல்லத்தை எடுத்தேன். நர்ஸ் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டுக் குத்திப் பார்த்தது. முந்நூறுக்கு மேல். “ஆயா, குத்திப் பாக்காம இனிமே எதுவும் குடுக்காத. கொன்னுடுவ” என்றது. கோபத்தில் சொன்னதுதான். அந்தப் பெண்ணே சாயங்காலம் எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தது. நான் அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன், ஆறிப்போனது.

அஞ்சலை ஒரு நாள் ஆப்பிளோடு வந்தாள். “சீக்கிரம் வாடி, நீ இல்லாம எல்லா பொம்பளைங்களும் நிமிந்து நிமிந்து வேடிக்க பாக்குறாளுங்க” என்றாள். பரிமளா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். படுத்திருந்தால் முதலில் எழுந்து உட்காரவேண்டும். காலைத் தொங்கப்போட்டு, பாதத்தை ஆட்டி, நிதானித்து, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்துக்குச் செங்கல் வைத்து உயர்த்தவேண்டும். தொடை வரைக்கும் இறுக்கமான காலுறை. சக்கரையை அடிக்கடி குத்திப் பார்க்கவேண்டும். வெயிலிலும் குனிகிற வேலையிலும் இனி இறங்கவே கூடாது.

இந்த இடத்தில் மற்ற தாய்மார்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைக்கு இந்த முதல் வகைச் சக்கரை வந்து அஞ்சு வருஷம் ஆகிவிட்டதென்றால், பிள்ளை நன்றாக ஓடியாடினாலும், டாக்டரிடம் கேளுங்கள். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பாருங்கள், மூச்சு விடச்சொல்லி ஈசிஜி எடுங்கள் என்று கேளுங்கள். ஊசி இல்லை, வலி இல்லை, கொஞ்ச நேரத்து வேலை. சீக்கிரம் பார்த்தால் சக்கரையைக் கட்டுப்படுத்தி மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. எங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரில் ஒரு பஸ் நின்றது. அதன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன். முகத்தைப் பார்த்து என்னால் முடியாது. நரம்பு திரும்ப வராது என்றேன். சக்கரை இறங்கினாலும் உனக்குத் தெரியாது என்றேன். அப்புறம் அடுத்ததையும் சொன்னேன்.

பரிமளா ஊசிப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அது வந்தா வலிக்காதாம்மா?”

“வலிக்காதாம்.”

“நெஞ்சு அடைச்சாக்கூட?”

“ம்.”

“அப்போ நல்லதுதான” என்றாள். குரலில் பொய் இல்லை. “பத்து வயசுலேர்ந்து குத்திக்கினே கெடக்கிறேன். அது ஒண்ணாவது வலிக்காம போவட்டுமே.”

என் பிள்ளைக்கு எந்த வேதனையும் கூடாது என்று நான் கும்பிடாத சாமி இல்லை. அன்று அந்தப் பெஞ்சில், அத்தனை பேர் முன்னால், எனக்குக் கூச்சம் போய்விட்டது. “வலிக்கணும்டி” என்று கத்திவிட்டேன். “வலிச்சாதானடி அம்மான்னு கூப்புடுவ. நீ கூப்புட்டாதான எனக்குத் தெரியும்.”

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரிமளா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “கத்தாதம்மா. எல்லாரும் பாக்குறாங்க” என்றாள், அவளுடைய சின்ன வயதில் நான் அவளுக்குச் சொன்ன மாதிரி.

அதற்குள் எங்கள் ஊர்ப் பஸ் வந்துவிட்டது. சனங்கள் இடம் பிடிக்க முண்டியடித்தார்கள். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டார்கள், பையைப் போட்டார்கள். பரிமளா டாக்டரம்மா சொன்னபடி பாதத்தை ஆட்டினாள். குனிந்த தலையை மெதுவாகத் தூக்கினாள். பெஞ்சுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் எழுந்து, அப்படியே நின்று, கண்ணை மூடினாள்.

“யம்மா, வர்றீங்களா இல்லியா?” என்று கண்டக்டர் படியில் நின்று கேட்டார்.

“தோ வர்றோங்க” என்று நான் சொன்னேன். என் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. விசில் ஊதினார்.

பரிமளா முழுசாக நிமிர்ந்து நின்று கண்ணைத் திறந்தபோது எதிரில் பஸ் இல்லை.